அக்கா பேரில் ஊதிய மூச்சு

அந்த டாக்டர் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வந்த அன்றைக்கு அங்கே ஒருத்திக்குக்கூட இருமல் இல்லை. எப்படி இருக்கும்? இருமுகிற பெண்களை எல்லாம் போர்மேன் அண்ணாச்சி முதல் நாள் சாயங்காலமே கூப்பிட்டு, "நாளைக்கு வீட்ல இருங்க, நாளைக்கழிச்சு வந்தாப் போதும்" என்று அனுப்பிவைத்துவிட்டார். பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் கிழிந்த பாயைச் சுருட்டிப் பரணில் போடுவோம் இல்லையா, அந்த மாதிரி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வருகிற ஆளுக்கு முன்னால் நல்லதை எடுத்து வைப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையில் நானும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம், முள்ளுக்காட்டுக்கு நடுவே கம்பெனி. நான் லேபிள் கொட்டகையில் இருந்தேன். டப்பாவுக்கு மேல் காகிதம் ஒட்டுகிற வேலை. நாலு பக்கமும் காற்று வரும். கையில் பசை, வாயில் வம்பு, வேறு தொல்லை கிடையாது. என் அக்கா சலிக்கிற கொட்டகையில் இருந்தாள். கரித்தூள், கந்தகம், அலுமினியப் பவுடர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சல்லடையில் போட்டுச் சலித்துக் கொடுக்க வேண்டும். காற்றடித்தால் பவுடர் பறந்து வீணாகும் என்று மூன்று பக்கமும் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். பவுடர் வீணாகவே இல்லை. உள்ளே இருந்தவர்களின் மூக்கில் பத்திரமாக இருந்தது.

வேலை விட்டு வரும்போது அக்காவுக்கு முகம், கை, புருவ மயிர் எல்லாம் வெள்ளியாக மின்னும்.

"அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துன மாதிரி இருக்கேக்கா, தேங்கா உடைக்கவா?" என்பேன்.

"மொதல்ல ஒன் மண்டையில உடை. உள்ள தண்ணியாச்சும் இருக்கான்னு பாப்போம்" என்பாள் அக்கா.

எனக்கு அவள் ஆறு வயது மூத்தவள். அம்மா செத்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போனவள். அவளைக் கட்டியவர் கல்யாணமான மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமான பிறகும் எங்களோடுதான் இருந்தாள். என் வீட்டுக்காரரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் சாப்பாடு யார் போடுவது என்று அவருக்குத் தெரியும்.

அவளுக்கு இரண்டு வருஷமாக இருமல். முதலில் எழுந்திருக்கிறபோது மட்டும் வந்தது. பிறகு குடத்தைத் தூக்கினால் வந்தது. பிறகு சிரித்தாலே வந்தது. அதனால் வீட்டில் அவளைச் சிரிக்கவைப்பதைக் குறைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். மற்றபடி, அந்தக் கொட்டகையில் எல்லாரும் செய்கிற மாதிரி அவளும் வேலை முடிந்ததும் வாழைப்பழத்தை வெல்லத்தோடு சேர்த்து விழுங்குவாள். தொண்டையில் ஒட்டின தூசியைப் பழம் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பினோம்.

அக்காவை அந்தத் தட்டிக்கு வெளியே கொண்டுவந்து, என் பக்கத்தில் லேபிள் ஒட்ட உட்காரவைக்க வேண்டும். அந்த வருஷங்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஒரு நாள் போர்மேனிடம் கேட்டும் பார்த்தேன்.

"சலிக்கிறதுக்கு அவ கைப்பக்குவம் யாருக்கு வரும்? ஏன், ஒடம்புக்கு ஏதும் முடியலையா அவளுக்கு?" என்று கேட்டார் அவர்.

அந்தக் கேள்வியில் என் வாய் மாறிப்போனது. "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் அதே கொட்டகையில் ஒருத்தி மூச்சு வாங்குகிறது என்று வாயைத் திறந்து சொன்னாள். "ஒடம்பு நல்லானதும் வாம்மா" என்று அன்பாகப் பேசி, காட்டினால்தான் வேலைக்குள் விடுகிற அவளுடைய டோக்கன் வில்லையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உடம்பும் நல்லாகவில்லை, வில்லையும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கம்பெனியில் இருமுவது திருட்டுக் காரியம் ஆகிவிட்டது. அக்கா கரித்தூள் மூட்டைக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல வருவாள்.

இந்த நிலைமையில்தான் டாக்டர் ஒரு மெஷினோடு வருகிறார், எல்லாரும் அதில் ஊத வேண்டும் என்று பேச்சு வந்தது. யார் ஊத்து போதவில்லையோ அவர்கள் வில்லை போகும் என்று எங்களுக்குள் நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அப்படி யாரும் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அடியே, எனக்கு ஊத வராது. ரெண்டாவது ஊத்துக்கே இருமல் வந்துரும்" என்றாள்.

"எக்கா, நான் ஊதுறேன் ஒனக்கு."

"நீயா?" என்று யோசித்தாள். "ஊதுவே, ஊதுவே. நீ அடுப்பு ஊதுனா நம்ம வீட்ல எரியாது, அடுத்த வீட்ல போயில்ல எரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். உடனே இருமல் வந்துவிட்டது. அவள் குனிந்து இருமி முடிக்கிற மட்டும் நான் அவள் முதுகை மறைத்துக்கொண்டு நின்றேன்.

நான் அவளுடைய வில்லையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சலிக்கிற கொட்டகைக்குப் போய் ஒரு கை அலுமினியப் பவுடரை எடுத்து முகத்தில் பூசினேன். அதற்கு மேல் ஆளை அடையாளம் காண, பெற்ற தாயாலும் முடியாது.

ஆபீஸ் அறையில் ஒரு படுதா கட்டி, அதற்குப் பின்னால் மெஷினை வைத்திருந்தார்கள். ஒரு தொட்டித் தண்ணீரில் தகர டப்பா ஒன்று கவிழ்ந்து மிதக்கிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். நாம் குழாயில் ஊதினால் டப்பா மேலே எழும்பும். பக்கத்தில் சுற்றுகிற காகிதத்தில் ஒரு பேனா முள் தானே கோடு போடும். டாக்டர் வெளியூர்க்காரர், வயது முப்பத்தைந்து இருக்கலாம். நல்ல மனுஷன். எங்களை "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார். கம்பெனியில் எங்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கூட ஒரு கம்பவுண்டர் பேர் எழுத இருந்தார்.

கம்பவுண்டர் வில்லை நம்பரைக் கம்பெனிப் பேரேட்டில் பார்த்து அக்காவின் பேரையும் வயதையும் எழுதினார். பிறகு என்னைச் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்தார். ஆக, அக்காவின் வயதும் என்னுடைய நீளமுமாக ஒரு புதுப் பொம்பளை அந்த நோட்டில் பிறந்தாள். என் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். மூச்சை இழுத்து ஒரே தம்மாக விட்டேன். டப்பா குதித்து எழும்பியது.

"அடேயப்பா!" என்றார் டாக்டர். "எத்தனை வருஷமாச் சலிக்கிறீங்க?"

"ஏழெட்டு வருஷமா" என்றேன், அக்காவின் வருஷத்தை.

"இந்த வயசுல இப்படி ஒரு மூச்சா! இன்னும் ரெண்டு தடவை ஊதுங்க."

ஊதினேன். மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி வந்ததாம். அவர் அதைக் கம்பவுண்டரிடம் காட்டிக் காட்டிப் பேசினார். எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு டாக்டர் வாயால் பாராட்டு என்றால் சும்மாவா?

வெளியே வந்தால், இன்னொருத்தி காத்துக்கொண்டிருந்தாள், தன் வில்லையோடு. நாலைந்து பேரைப் போகவிட்டு அவளுக்கும் ஊதிக் கொடுத்தேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு என் பேருக்கு நானே ஊதினேன். அந்தத் தடவை டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஒங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே?"

"எங்க ஊர்ல எல்லாரும் ஒரே சாடைங்கய்யா. தாய்மாமன் மக்களாவே கட்டிக்கட்டி இப்படி ஆயிப்போச்சு" என்றேன். அதையும் கம்பவுண்டர் எழுதிக்கொண்டாரோ என்னவோ.

படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இடுக்கு வழியாக ஒன்றை மட்டும் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணுக்குத் தப்பி வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் ஊதும்போது இருமிவிட்டாள். மறுபடி ஊதினாள், மறுபடி இருமல். டாக்டர் வருத்தத்தோடு, "பரவாயில்லம்மா, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டு, நோட்டில் அவள் பேரின்மேல் ஒரு கோடு கிழித்தார். போச்சு, வில்லை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யாருடைய வில்லையும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வேறு ஒன்று கேட்டார். கம்பெனிப் பக்கமே வராத, காட்டு வேலை பார்க்கிற பெண்களும் ஊத வேண்டுமாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தூசி என்ன செய்கிறது என்று தெரியுமாம். "ஆளைச் சேத்துக் குடுக்க வாயுள்ளவ யாரு?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள்.

ஆமத்தூர்ப் பக்கம் என் மாமியார் ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பருத்தி எடுப்புக் காலம். தெம்புள்ள பெண் ஒருத்திகூட ஊரில் இல்லை. எல்லாரும் விடியுமுன்னே காட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது யார்? முட்டி பிடித்தவள், காய்ச்சல்காரி, ஆயுசு பூரா ஈர விறகை ஊதி ஊதி நெஞ்சு கட்டின கிழவிகள். ஊதினால் ஒரு கலர் சோடா பாட்டில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.

"ஊதுனா கலர் குடுப்பாரா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"குடுப்பாரு ஆத்தா."

"அப்ப மூச்சை விட்டுட்டே குடிக்கலாமா?"

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். காட்டில் இருக்கிறவர்கள் வருகிற மட்டும் இருந்து பார்க்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் பஸ் இருந்தது. எனக்குத் தலையெண்ணிக்கை நிறைந்தால் போதும் என்று இருந்தது. கிழவிகள் ஊதியபோது டப்பா தண்ணீரைவிட்டு எழும்பவே யோசித்தது. ஆனாலும் அவர்கள் இருமாமல், மெதுவாக, மூன்று தடவையும் ஒரே மாதிரிக் கொஞ்சமாக ஊதினார்கள். ஒருத்தி பேரிலும் கோடு விழவில்லை.

அடுத்த வருஷம் சீசன் தொடங்குகிறதற்கு முன்னால் டாக்டர் வந்தார். கையில் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகம். அவர் எழுதியது அதில் அச்சாகியிருந்தது. கம்பெனி அதில் ஒரு கட்டு வாங்கி ஆபீஸில் அடுக்கியது. எங்களை எல்லாம் லேபிள் கொட்டகையில் உட்காரவைத்து டாக்டர் தமிழில் விளக்கினார்.

சலிக்கிற பெண்களின் மூச்சையும் காட்டு வேலைப் பெண்களின் மூச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். சலிக்கிறவர்களுக்கு ஒன்றும் குறையில்லையாம். பார்க்கப்போனால் அவர்கள் மூச்சு கொஞ்சம் கூடுதலாம்.

"அப்பக் கந்தகத்தைக் கஞ்சியில போட்டுக் குடிச்சா இன்னும் நல்லதுங்களாய்யா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கொட்டகை சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும், முன்னால் அண்ணாச்சி நிற்கிறார்.

சிரிப்பு அடங்கின பிறகு டாக்டர் சொன்னார். "குறை இருந்திருந்தா தட்டியப் பிரிச்சிட்டு, சலிக்கிறவங்களை மாத்தி மாத்தி இந்த லேபிள் கொட்டகைக்கு அனுப்பணும்னு கம்பெனியோட மொதல்லயே பேசி வெச்சிருந்தேன். அதே சம்பளம்தான். நல்லவேளை, அதுக்குத் தேவையில்லாமப் போச்சு."

அந்தப் பேச்சு முடிவதற்குள் நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகத்தான் இருந்தது. அதை அக்காவுக்கு வாங்கிக் கொடுக்க அவள் உள்ளபடி ஊதியிருந்தால் போதும். நான் குறுக்கே போய் நல்லா ஊதிவிட்டேன்.

டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க அக்கா பேருக்கு நான்தான் ஊதுனேன்."

அவர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது, குழாயை மூடவில்லை.

"ஒருத்தருக்கு மட்டுமா?"

"நான் ரெண்டு பேருக்கு. மத்தவளுக என்ன செஞ்சாளுகளோ தெரியாது. எல்லாத்துக்கும் கூடப்பொறந்தவுக இருக்காங்கல்ல."

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? நான் யாரையும் நிறுத்துறதுக்கு வரலையே."

"நீங்க அதைச் சொல்லலையேய்யா" என்றேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை.

அவர் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். மலை மாதிரி ஏறி இறங்குகிற ஒரு கோடு. "சலிக்கிற ஒருத்தரோட மூச்சு எப்படி இருக்குன்னு காட்ட ஒரே ஒரு படம் போட்டேன். கோடு சுத்தமா வந்திருந்ததால இதை எடுத்தேன். இது ஒங்க அக்கா பேர்ல உள்ளது" என்றார். பேர் அதில் இல்லை. ஆனால் அந்த மலை என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது.

அக்காவையே ஊதவைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனவர், அடுத்த மாதம் சொன்னபடி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பெனிக்கு வரவில்லை, எங்கள் வீட்டுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை. அக்கா குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பவுடர் இல்லாத அவள் முகத்தை டாக்டர் அன்றுதான் பார்த்தார். முதுகில் குழலை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

அக்கா ஊதினாள். டப்பா கொஞ்சம் எழும்பியது, இருமல் வந்தது, டப்பா விழுந்தது. இரண்டாவது தடவை அதிலும் பாதி. மூன்றாவது தடவை குழாயை வாயில் வைத்தபோதே இருமல்.

டாக்டர் பேனாவை நோட்டின்மேல் வைத்தபடி இருந்தார். எழுதவில்லை.

"எழுதுங்கய்யா" என்றேன்.

"மூணு தடவையும் ஒரே மாதிரி வந்தாத்தான் கணக்குல எடுக்கணும்மா. அதுதான் எங்க முறை. இல்லைன்னா அவங்க சரியா ஊதலைன்னு அர்த்தம்."

"இருமுறவ எப்படிய்யா மூணு தடவை ஒரே மாதிரி ஊதுவா?"

அவர் நோட்டைப் பின்னால் புரட்டினார். பழைய பக்கங்களில் பேர்களின்மேல் அவர் கிழித்த கோடுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பற்றியும், பருத்திக்காட்டில் இருந்தவர்களைப் பற்றியும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை என்பதால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியவில்லை.

"கெட்டுப்போச்சும்மா. முழுக்கக் கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அக்காதான் அவரைத் தேற்றினாள். "விடுங்கய்யா. நீங்க என்ன செய்வீக? ஒரு வாய் காப்பி குடிங்க."

போகும்போது அவர் போர்மேனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்தப் பெண்ணுக்கு நெஞ்சு சரியில்லை, தூசி இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி சீட்டைப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுவும் அவரு எழுதினது, அதுவும் அவரு எழுதினது. நான் எதைம்மா நம்புறது?"

"சீட்டைத்தான் அண்ணாச்சி. அது எங்க அக்காவப் பாத்து எழுதினது."

"புத்தகமும் ஒங்க அக்காவப் பாத்து எழுதினதுதான்" என்றார்.

நான் ஊதினதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இரண்டு பேர் வில்லையும் அவர் மேசையில் இருக்கும். அக்காவின் கஞ்சிக்கும் என் கஞ்சிக்கும் அந்த இரண்டு வில்லைதான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத காரணத்தால் நான் செய்தது சரி என்றும் ஆகவில்லை.

அக்கா அந்தச் சீசன் முழுவதும் சலித்தாள். தீபாவளி லோடு போகிற மட்டும் நின்றாள். அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. கார்த்திகையில் படுத்தாள். நான் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தேன். சாய்ந்து உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். அதனால் சுவரில் மூன்று தலையணை அடுக்கிவைத்திருந்தோம்.

ஒரு மத்தியானம் அவளாகவே கேட்டாள். "அந்தப் புத்தகத்துல என் பேர்ல ஒரு படம் இருக்குன்னியே, எப்படி இருக்கும்?"

தரையில் விரலால் போட்டுக் காட்டினேன். ஏறி, ஒரு உச்சிக்குப் போய், இறங்கி.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் ஊதியிருக்கே" என்றாள். இரண்டு மூச்சுக்குப் பிறகு, "அங்கனயாச்சும் நான் சொகமா இருக்கேன்" என்றாள்.

வழக்கமாக அதற்கு நான் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கேலிக்குக் கேலி நின்றதே இல்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மார்கழி பிறந்த வாரத்தில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அந்தக் கம்பவுண்டர் வீடு தேடி வந்தார். டாக்டர் அனுப்பினாராம். நடந்த தப்பை எல்லாம் எழுதி, அந்தப் புத்தகக்காரர்களுக்கு டாக்டர் அனுப்பியிருக்கிறார். பதில் வந்திருந்தது. கம்பவுண்டர் அதைப் படித்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அச்சான ஒன்றை, யாரோ வாயால் சொன்னதை வைத்து மாற்றி எழுத இடமில்லையாம். வேண்டுமானால் மறுபடி முழுதாகச் சோதித்து அனுப்பட்டுமாம்.

"அப்ப மறுபடி சோதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கேட்டாரும்மா. ஒருதரம் பாத்தது போதும், அதான் நல்லதுன்னு முடிவு வந்துருச்சேன்னு சொல்லிக் கம்பெனியில கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்க. வேற ரெண்டு மூணு கம்பெனியிலயும் இந்தப் புத்தகத்தையே வாங்கி வெச்சுக்கிட்டு, எங்களுக்கும் இதுவே போதும்ங்கிறாங்க" என்றார். அந்தப் பதிலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவருக்கும் தெரியும். யாரிடமாவது கொடுத்தால் தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும்.

அடுத்த சீசனுக்கு அக்காவின் சல்லடைக்கு ஆள் தேடினார்கள். எங்கள் தெருவின் கடைசி வீட்டு மதினிக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவள் வேலைக்குக் கிளம்புகிற முதல் நாள் காலையில் போய் வாசலில் நின்றேன். முப்பது வயதுக்காரி, நல்ல தேகம்.

"மதினி, அந்தக் கொட்டகைக்குப் போகாதீக. வேற வேலை கேளுங்க. எங்க அக்கா அதுலதான் போனா."

"ஒங்க அக்காவுக்கு ஆயுசு அம்புட்டுத்தான், பாவம். நான் அண்ணாச்சிகிட்ட எல்லாம் கேட்டுட்டேன். புத்தகத்தைப் பிரிச்சுக் காட்டினாரு. சலிக்கிறவ மூச்சு எப்படி மலையாட்டம் போகுதுன்னு கோடு போட்டிருக்கே!"

"அந்தக் கோடு நான் ஊதினது மதினி. எங்க அக்கா ஊதுறதுக்குப் பதிலா, மூஞ்சியில பவுடரைப் பூசிக்கிட்டு நான் போய் ஊதினேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"நீ எதைத்தான் கேலி பண்ணாம விட்டே? செத்தவ விஷயத்துலயுமா?"

சத்தியமாகக் கேலி இல்லை என்றேன். சாமி மேல் ஆணை வைத்தேன். அவ்வளவு வருஷமாக அந்தத் தெருவில் நான் பேசின பேச்சுக்கு, என் ஆணையை யார் எடுப்பார்கள்? சிரிக்காமல் நின்று பார்த்தேன். என் முகத்தில் அவளுக்கு அது பழக்கமில்லை. அதையும் கேலியின் ஒரு பாகம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள்.

"வழியை விடு, கம்பெனியில சங்கு ஊதிருவான்" என்று சொல்லி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கினாள். தெருமுனை திரும்புகிற மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேகமாகத்தான் நடந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.